அர்ஜென்டினா–குரோஷியா உறவுகள்

தென் அமெரிக்க நாடான அர்ஜென்டினாவும் பால்கன் பகுதியைச் சேர்ந்த குரோஷியாவும் 1992 முதல் அரசுமுறை உறவு கொண்டுள்ளன. புவெனஸ் அயர்ஸில் குரோஷியத் தூதரகமும், சாக்ரெப்பில் அர்ஜென்டினத் தூதரகமும் இயங்குகின்றன. மக்கள் உறவு இதைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. அர்ஜென்டினாவில் வாழும் குரோஷிய வம்சாவளியினர் சுமார் 2.5 லட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது.

குடியேற்றம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டால்மேஷியக் கடற்கரையிலிருந்தும் பிராச், ஹ்வார் முதலிய தீவுகளிலிருந்தும் மக்கள் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினர். இத்தாலிய மது மலிவாக இறக்குமதியானதும், திராட்சை வேரைத் தாக்கும் ஃபைலோக்செரா பூச்சி தோட்டங்களை அழித்ததும் தீவுவாசிகளின் பிழைப்பைக் கெடுத்தன. அப்போது அவர்களின் தாயகம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்ததால், அர்ஜென்டினப் பதிவேடுகளில் பலர் ‘ஆஸ்திரியர்’ ஆயினர்.

டுப்ரோவ்னிக் அருகே பிறந்த நிக்கோலாஸ் மிஹானோவிச் அர்ஜென்டினாவில் பெரும் கப்பல் நிறுவனத்தை உருவாக்கினார். ஹ்வார் தீவில் 1858இல் பிறந்த இவான் வுசெட்டிச், அந்நாட்டில் ஹுவான் வுசெட்டிச் எனப் பெயர் பெற்று, புவெனஸ் அயர்ஸ் மாகாணக் காவல்துறையில் கைரேகைப் பதிவு முறையை வகுத்தார். 1892இல் நெகோச்சியா நகரில் நடந்த இரட்டைக் கொலையில், ரத்தம் தோய்ந்த கைரேகையைக் கொண்டு குற்றவாளி கண்டறியப்பட்டது இம்முறையால்தான். அர்ஜென்டினக் காவலர் பயிற்சிப் பள்ளியும் சாக்ரெப்பின் தடயவியல் மையமும் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளன.

போருக்குப் பிந்தைய தஞ்சம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவர்களில் அகதிகளோடு போர்க்குற்றவாளிகளும் இருந்தனர். குரோஷியாவின் நாஜி ஆதரவு உஸ்தாஷா ஆட்சியின் தலைவர் அன்டே பாவெலிச் 1948இல் அர்ஜென்டினாவில் தஞ்சம் புகுந்தார். 1957இல் அங்கே சுடப்பட்டு, உயிர் தப்பி, ஸ்பெயினுக்கு ஓடினார். அந்த ஆட்சியின் யாசெனோவாட்ஸ் வதைமுகாமின் தளபதியாயிருந்த டின்கோ ஷாகிச், 1998இல் அர்ஜென்டினாவிலிருந்து குரோஷியாவிடம் ஒப்படைக்கப்பட்டார். மறு ஆண்டு சாக்ரெப் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அங்கீகாரமும் ஆயுத விவகாரமும்

குரோஷியா 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தது. அர்ஜென்டினா 1992 ஜனவரி 16 அன்று அதை அங்கீகரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தூதரக உறவு ஏற்பட்டது. ஐ.நா. அமைதிப்படையின் பகுதியாக அர்ஜென்டினப் படைப்பிரிவு ஒன்று குரோஷியாவின் மேற்கு ஸ்லாவோனியாவில் பணியாற்றியது.

அதே காலத்தில் அர்ஜென்டின ஆயுதங்களும் குரோஷியாவை அடைந்தன. யூகோஸ்லாவியா முழுவதற்கும் ஐ.நா. 1991 செப்டம்பரில் ஆயுதத் தடை விதித்திருந்தது. அர்ஜென்டின அதிபர் கார்லோஸ் மெனெம் கையெழுத்திட்ட ரகசிய ஆணைகளோ சரக்கு பனாமா, வெனிசுலா ஆகிய நாடுகளுக்குச் செல்வதாகக் காட்டின. 1995இல் விவகாரம் அம்பலமானது. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று அர்ஜென்டினாவின் ரியோ டெர்செரோ ராணுவத் தொழிற்சாலை வெடித்து 7 பேர் இறந்தனர். கடத்தலின் தடயங்களை மறைக்கத் திட்டமிட்டு நிகழ்த்தப்பட்ட வெடிப்பு அது என நீதிமன்றம் 2014இல் முடிவு செய்தது. ஆயுத வழக்கில் 2013இல் 7 ஆண்டு தண்டனை பெற்ற மெனெம், வழக்கு அளவுக்கு மீறி இழுத்தடிக்கப்பட்டதைக் காரணம் காட்டி 2018இல் விடுவிக்கப்பட்டார்.

விளையாட்டு

உலகக் கோப்பைக் கால்பந்தில் இரு அணிகளும் மூன்று முறை மோதியுள்ளன. 1998இல் அர்ஜென்டினா 1–0 எனவும், 2018இல் குரோஷியா 3–0 எனவும் வென்றன. 2022 அரையிறுதியில் அர்ஜென்டினா அதே 3–0 கணக்கில் வென்று, பின்னர் கோப்பையையும் கைப்பற்றியது.