முதுமையில் தசை நலிவு

வயது ஏற ஏற எலும்புத்தசைகளின் பருமன், வலு, வேகம் ஆகியவை படிப்படியாகக் குறைவதை முதுமைத் தசை நலிவு என்கிறோம். மருத்துவத்தில் இதன் பெயர் சார்கோபீனியா. அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் 1980களின் இறுதியில் இப்பெயரை முன்வைத்தார். 2016இல் அமெரிக்க நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இது தனி நோயாக இடம்பெற்றது. கீழே விழுதல், இடுப்பெலும்பு முறிவு, அன்றாடத் தேவைக்குப் பிறர் கையை எதிர்பார்த்தல் என முதியோரை முடக்கும் பலவற்றுக்கும் இது அடிப்படை. ‘வயசானால் அப்படித்தான்’ என்று குடும்பங்கள் ஒதுக்கிவிடும் இந்த நலிவைப் பெருமளவு தாமதப்படுத்தலாம். இழந்த வலுவில் ஒரு பகுதியைத் தொண்ணூறு வயதிலும் மீட்கலாம்.

தசையின் அமைப்பில் மாற்றங்கள்

இளம் வயதில் உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு எலும்புத்தசை. முப்பது வயதுக்குப் பிறகு இது பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைவதாகவும், அறுபதுக்குப் பின் இழப்பு வேகமெடுப்பதாகவும் மதிப்பிடப்படுகிறது.

தசை இழைகளில் இரு முக்கிய வகைகள் உண்டு. நெடுநேரம் களைக்காமல் உழைப்பவை மெது இழைகள். சட்டென்று விசை தருபவை விரைவு இழைகள். ஸ்வீடனில் யான் லெக்செல் குழுவினர் 15 முதல் 83 வயது வரை இறந்த ஆண்களின் தொடைத் தசையை முழுக் குறுக்குவெட்டாக எடுத்து ஆராய்ந்து 1988இல் முடிவுகளை வெளியிட்டனர். இருபது வயதிலிருந்து எண்பதுக்குள் தசையின் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கியிருந்தது. இழைகளின் எண்ணிக்கை குறைந்ததே இதற்கு முதன்மைக் காரணம். எஞ்சிய இழைகளில் விரைவு இழைகள் மெலிந்திருந்தன. மெது இழைகளின் பருமன் அதிகம் மாறவில்லை.

இழைகள் மறைந்த இடத்தில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் சேர்கின்றன. ஆகவே தொடையின் சுற்றளவு குறையாமலே உள்ளிருக்கும் தசை குறைந்திருக்கக்கூடும். காயம்பட்ட இழைகளைச் சீராக்கும் துணைச் செல்களை அலெக்சாண்டர் மௌரோ 1961இல் கண்டறிந்தார். முதுமையில் இவையும், குறிப்பாக விரைவு இழைகளை ஒட்டியவை, எண்ணிக்கையில் குறைகின்றன.

நரம்பின் பங்கு

தண்டுவடத்திலுள்ள ஒவ்வோர் இயக்க நரம்பணுவும் பல தசை இழைகளை இயக்குகிறது. அறுபது வயதுக்குப் பிறகு இந்நரம்பணுக்கள் கணிசமாக மறைகின்றன. நரம்புத் தொடர்பை இழந்த இழைகளில் சிலவற்றை அருகிலுள்ள நரம்பு புதிய கிளை விட்டுத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. அப்போது விரைவு இழை மெது இழையாக மாறுவதும் உண்டு. இணைப்புக் கிடைக்காத இழைகள் அழிகின்றன. ஒரே நரம்பணு அதிக இழைகளை இயக்க நேர்வதால் நுட்பமான அசைவுகளின் துல்லியமும் குறைகிறது.

செயல்திறனில் தெரியும் விளைவுகள்

தசையின் பருமனைவிட அதன் வலுவும், வலுவைவிட விரைந்து விசை தரும் திறனும் வேகமாகக் குறைகின்றன. நாற்காலியிலிருந்து எழுவதில் இதைத் தெளிவாகக் காணலாம். உடல் முன்னே சாய்கிறது. தொடையின் முன்பக்கத் தசையும் புட்டத் தசையும் ஓரிரு நொடிக்குள் முழு எடையையும் தூக்க வேண்டும். நலிவு தொடங்கியவர் முதலில் கைப்பிடியை ஊன்றுகிறார். பின்னர் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஆடி, அந்த உந்தலில் எழுகிறார். தரையில் அமர்ந்து பழகியவர்களிடம் இது இன்னும் முன்னதாகவே வெளிப்படுகிறது: பாயிலிருந்து எழும்போது முழங்காலைப் பிடிப்பதும் சுவரைத் தேடுவதும் அதன் அறிகுறிகளாக இருக்கலாம். கால் தடுக்கினால் நொடிக்கும் குறைவான நேரத்தில் மறுகாலை முன்னே வைத்தாக வேண்டும். அந்த வேகம் இல்லாததால், நாள்தோறும் நடப்பவர்கூட விழுந்துவிடுகிறார்.

உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை இன்சுலின் துணையோடு ஏற்பது தசைதான். தசை குறைந்தால் நீரிழிவுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஒரே உயரமும் எடையும் உள்ள ஐரோப்பியரோடு ஒப்பிட்டால் தெற்காசியருக்குத் தசை குறைவு, கொழுப்பு மிகுதி. எனவே ஒல்லியான உடல்வாகைக் கண்டு நிம்மதி அடைவது நமக்குப் பொருந்தாது.

காரணங்கள்

உடலுழைப்புக் குறைவு முதல் காரணம். அடுத்தது, புரதத்தைப் பயன்படுத்தும் திறன் குறைவது. இளையவரின் தசை சிறிதளவு புரதத்திலிருந்தே தன்னை வளர்த்துக்கொள்ளும். முதியவரின் தசைக்கு அதே பயன் கிடைக்கக் கூடுதல் புரதம் தேவை. டெஸ்டோஸ்டீரோன், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை குறைதல், உடலில் நீடிக்கும் மிதமான அழற்சி, மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குன்றுதல் ஆகியவையும் பங்களிக்கின்றன. நீண்ட படுக்கை மிகக் கடுமையான காரணி: 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த முதியவர்கள் 10 நாள் படுக்கையிலேயே கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ கொழுப்பற்ற திசுவை இழந்தனர்.

கண்டறிதல்

ஆசியர்களுக்கென வகுக்கப்பட்ட 2019ஆம் ஆண்டு வரையறையின்படி, கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைவாக இருப்பது வலுக்குறைவு. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆவது, நடைவேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் குறைவது ஆகியவை செயல்திறன் குறைவின் அடையாளங்கள். தசையின் அளவை டெக்சா ஸ்கேன் போன்ற சோதனைகள் உறுதிசெய்யும்.

தடுப்பும் சிகிச்சையும்

சார்கோபீனியாவுக்கென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதுவரை எந்த மருந்துக்கும் ஒப்புதல் தரவில்லை. வலுவூட்டும் பயிற்சியே முதன்மைச் சிகிச்சை. மரியா ஃபியதரோனே குழுவினர் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறை ஒட்டிய வயதுடைய 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்ததாக 1990இல் அறிவித்தனர்.

நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் விரைவு இழைகளைத் தூண்டச் சுமை வேண்டும். நாற்காலியில் எழுந்து அமர்தல், படியேறுதல், ரப்பர் பட்டை இழுத்தல், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குதல் ஆகியவற்றில் தொடங்கி, பழகப் பழகச் சுமையைக் கூட்ட வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது வலுவூட்டும் பயிற்சி செய்ய உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

முதியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 60 முதல் 72 கிராம். இரவில் இரண்டு இட்லியோடும் காலையில் கஞ்சியோடும் நிறுத்திக்கொள்ளும் முதியவருக்கு இந்த அளவு கிடைக்காது. முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் ஆகியவற்றை மூன்று வேளையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த முதியவரை, மருத்துவர் அனுமதித்த முதல் நாளிலேயே கட்டிலைவிட்டு எழுப்பி நடக்க வைப்பது மருந்து கொடுப்பதைப் போலவே குடும்பத்தினரின் கடமை.