‘நான்’ என்று உணர்வது எது?
ரூஹும் மூளையும்: ஒரு வரலாற்றுப் பார்வை



மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் கலங்கி நின்ற அனுபவம் நம் ஜமாஅத்தார் பலருக்கும் உண்டு. உள்ளே கிடப்பவர் கருவியின் துணையால் மூச்சு விடுகிறார், இதயம் துடிக்கிறது, அழைத்தால் விழிப்பதில்லை. ‘அவருக்கு உணர்வு இருக்கிறதா?’ என்று மருத்துவரிடம் கேட்கிறோம். ‘ரூஹ் இருக்கிறதா?’ என்று ஆலிமிடம் கேட்கிறோம். இவை இரண்டும் ஒரே வினாவா, வெவ்வேறு வினாக்களா? விடையளிக்க வேண்டியது அறிவியலா, மார்க்கமா? நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை ஆராய்ந்துள்ளனர். அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

அந்தரத்தில் ஒரு மனிதன்

இப்னு சீனா ஹிஜ்ரி 370 இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனாவில் பிறந்தார், ஹிஜ்ரி 428 இல் (1037) ஹமதானில் மறைந்தார். அவருடைய ‘அல்கானூன் ஃபித் திப்’ என்னும் மருத்துவப் பெருநூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

மருத்துவர் என்ற முறையில் அவர் மனத்தின் ஆற்றல்களுக்கு மூளையிலேயே இடம் குறித்தார். மூளையின் உள்ளே இருக்கும் அறைகளுள் முன்னறை புலன்கள் தருவனவற்றை ஒன்றுசேர்க்கும். நடுவறை கற்பனைக்கும் சிந்தனைக்கும் உரியது. பின்னறை நினைவுக்கு உரியது என்பது அவர் கொள்கை.

எனினும் அதே அறிஞர் ‘அஷ்ஷிஃபா’ என்னும் நூலில் வேறொரு சிந்தனையையும் முன்வைத்தார். முழு வளர்ச்சியுடன் ஒரு மனிதன் திடீரெனப் படைக்கப்பட்டு அந்தரத்தில் மிதக்கிறான் எனக் கொள்வோம். அவன் கண்கள் மூடப்பட்டுள்ளன. கைகால்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன. காற்றின் தீண்டலும் அவனுக்கில்லை. தனக்கு உடல் உண்டென்பதையே அவன் அறியான். ஆயினும் ‘நான் இருக்கிறேன்’ என்பதை அவன் அறிவானா? அறிவான் என்றார் இப்னு சீனா. ஆகவே ‘நான்’ என்பது உடலுறுப்புகளுள் ஒன்றன்று என்பது அவர் முடிவு.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வகுத்த எல்லை

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (1058–1111) தத்துவவாதிகளின் மூன்று கொள்கைகளை மிகக் கடுமையாகக் கண்டித்தவர்கள். ஆன்மா தனித்து நிலைபெறும் பொருள் என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதனைத் தம் பகுத்தறிவால் மட்டுமே நிறுவிவிட்டதாகத் தத்துவவாதிகள் கூறியதையே மறுத்தார்கள். அதே நூலில், கிரகணம் பற்றிய கணக்கு போன்று ஐயமற நிறுவப்பட்ட உண்மைகளை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்திற்கே தீங்கிழைக்கின்றனர் என்றும் எச்சரித்தார்கள்.

1095 ஆம் ஆண்டு, பக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராயிருந்தபோது, உள்ளப் போராட்டத்தால் இமாமவர்களின் நாவே எழவில்லை, உணவும் இறங்கவில்லை. மருத்துவர்கள் நோயின் வேர் உள்ளத்தில் இருப்பதாகக் கூறிக் கைவிரித்தனர். உள்ளம் உடலை ஆட்டிவைப்பதைத் தம் மேனியிலேயே கண்டவர்கள் அவர்கள்.

பின்னர் ‘இஹ்யா’வில் ரூஹ் என்னும் சொல்லுக்கு இரு பொருள்களை விளக்கினார்கள். ஒன்று, இதயத்திலிருந்து தமனிகளின் வழியே உடலெங்கும் பரவும் நுண்ணிய ஆவி. இது மருத்துவரின் ஆய்வுக்குரியது. மற்றொன்று, மனிதனுள் அறியும் திறனுடைய நுட்பம். இதன் உண்மை நிலை அல்லாஹ்வின் கட்டளையைச் சார்ந்தது. ரூஹைப் பற்றி வினவப்பட்டபோது, அது இறைவனின் கட்டளையைச் சார்ந்ததென்றும், மனிதருக்குச் சிறிதளவு அறிவே தரப்பட்டுள்ளதென்றும் திருமறை (17:85) அறிவித்ததன்றோ!

விடைகள் மாறின, வினா மாறவில்லை

இப்னு சீனாவின் மூளை வரைபடம் நிலைக்கவில்லை. 1664 இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் வெளியிட்ட நூல், ஆற்றல்கள் வெற்று அறைகளில் இல்லை, மூளைத் திசுவிலேயே உள்ளன என எடுத்துரைத்தது. இருபதாம் நூற்றாண்டில் கனடாவின் மான்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு, விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மின்சாரத்தால் தூண்டினார். கை அசைந்தது, ஆனால் அசைத்தது தாமல்ல, மருத்துவரே என்று நோயாளிகள் கூறினர்.

1998 இல் நரம்பியலார் கிறிஸ்டாஃப் காக், தத்துவ அறிஞர் டேவிட் சாமர்ஸ் ஆகிய இருவரும் ஒரு பந்தயம் கட்டினர். (பந்தயம் நமக்கு விலக்கப்பட்டதே, செய்திக்காகக் குறிப்பிடுகிறோம்.) உணர்வுக்கு அடையாளமான நரம்பணுச் செயல்பாடு 25 ஆண்டுகளுக்குள் தெளிவாகும் என்றார் காக். 2023 இல் தாம் தோற்றதாக அவரே ஒப்புக்கொண்டார்.

இதனைக் கேட்டு ‘அறிவியல் தோற்றது’ என நாம் மகிழ்வது முறையன்று. 2006 இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், உணர்வற்றவர் என முடிவு செய்யப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, நலமுள்ளோரைப் போன்றே அவர் மூளை செயல்பட்டதைக் கருவியில் கண்டனர். பேச இயலாத ஓர் உயிரின் குரலை நமக்குக் கேட்கச் செய்தது அறிவியலே.

மரணத்தின் எல்லை

இவ்வினா நம் வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. 1968 இல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கு வரையறை வகுத்தது. 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மூளையின் எல்லாச் செயல்களும் மீளாவண்ணம் நின்றுவிட்டால் அதனையும் மரணமெனக் கொள்ளலாம் என முடிவு செய்தது. 1987 இல் மக்காவின் ஃபிக்ஹ் கவுன்சில், அந்நிலையில் கருவியை அகற்றலாம். ஆயினும் மூச்சும் இதயத்துடிப்பும் நின்ற பின்னரே மரணம் என விதிக்கலாம் என்றது. இந்தியச் சட்டம் 1994 இல் மூளைத்தண்டு மரணத்தை ஏற்றது; அதன்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்தல் வேண்டும்.

மருத்துவர் அளப்பது மூளையின் செயலை. ரூஹை அளக்கும் கருவி எவரிடமும் இல்லை. மூளை நின்றதை எந்த அளவுக்கு ரூஹ் பிரிந்ததன் அடையாளமாகக் கொள்ளலாம் என்பதிலேயே உலமாக்கள் வேறுபட்டனர். இரு சாராரும் மருத்துவரின் சான்றைக் கேட்ட பின்னரே தீர்ப்பளித்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே, நினைவிழந்த நிலை வேறு, மூளைச்சாவு வேறு என்பதை ஜமாஅத்தார் அறிந்திருத்தல் வேண்டும். முன்னதில் மீளும் வாய்ப்புண்டு. அந்நோயாளியின் அருகில் அவர் கேட்பதாகவே கருதி நற்சொற்களைப் பேசுவோம். உடலின் நிலையை மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டறிந்து, அத்தெளிவுடன் உலமாக்களை அணுகுவோம். கருத்து வேறுபாடுள்ள இவ்விஷயத்தில், துயருற்ற குடும்பம் எடுத்த முடிவைக் குறைகூறாதிருப்போம்.

அறிய இயன்றதை முயன்று அறியவும், அறிய இயலாததில் பணிந்து நிற்கவும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.