சீட்டில் என்ன எழுதுவார்கள்?

"மேடம், மனநல டாக்டரப் பாக்கப் போனா ஓ.பி. சீட்டுல என்ன எழுதுவாங்க?"

புதுக்கோட்டையில் என் மாணவி ஒருத்தி கேட்டாள். இரண்டு மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை. அவள் பயந்தது நோய்க்கல்ல, சீட்டுக்கு. வீட்டில் யார் கையிலாவது கிடைத்தால் வரன் பேசுவது நின்றுவிடும். கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்தால் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதே 1912இல்தான் பிரிட்டிஷ் இந்தியாவில் பைத்தியச் சட்டம் வந்தது. ஒருவரை மனநோய் விடுதியில் சேர்க்க மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம்; கூடுமானவரை கணவனோ மனைவியோ கொடுக்க வேண்டும் என்றது அது. எழுத்தில் இருவருக்கும் பொதுதான். ஆனால் மனு எழுதவும் நீதிமன்றப் படியேறவும் பணமும் பழக்கமும் யாரிடம் இருந்தன? பெண் தானாக மருத்துவரிடம் போகவில்லை, கொண்டுபோய் விடப்பட்டாள். 1955இன் இந்துத் திருமணச் சட்டம் தீராத மனநோயை மணமுறிவுக்குரிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

மருத்துவரிடம் போகத் தயங்கிய குடும்பங்கள் கோயிலுக்கும் தர்காவுக்கும் போயின. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் பார்வையை மாற்றியது. அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்று ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது. சிகிச்சை விவரத்தை ரகசியமாகக் காக்கக் கோருவதும் அவருடைய உரிமையே. 2022 முதல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அரசு மருத்துவமனையில் முன்பதிவு வேண்டாம், காலையிலேயே போய் வரிசையில் நின்றால் போதும், நானும் வருகிறேன் என்றேன். சரியென்று தலையாட்டியவள் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்:

"சீட்ட நீங்களே வச்சுக்கிறீங்களா, மேடம்?"

ரகசியம் காக்கும் உரிமையைச் சட்டம் அவளுக்குக் கொடுத்துவிட்டது. அதைப் பூட்டி வைக்க ஒரு பெட்டிதான் அவள் வீட்டில் அவளுக்கென்று இல்லை.