சிறைவீடும் மலைநாடும்

சிறையிலிருந்து ஒருவரை விடுவித்தலைக் குறிக்கச் சிறைவீடு என்னும் பழஞ்சொல் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதை அதற்கோர் எடுத்துக்காட்டு. வார்த்திகன் என்னும் அந்தணன்மேல் பொறாமை கொண்ட அரச ஊழியர், பொய்ப்பழி சுமத்தி அவனைச் சிறையிட்டனர். கொற்றவை கோயிற் கதவு திறவாமை கண்ட பாண்டியன், காரணம் யாதென ஆராய்ந்தான். தன் ஆட்சியில் நேர்ந்த பிழையை உணர்ந்தான். வார்த்திகனை விடுவித்து ஊர்களும் வழங்கினான். மணிமேகலையிலோ சிறைக்கோட்டமே அறக்கோட்டமாக மாறுகிறது. முன்னதில் ஒரு தண்டனை மறுபடியும் ஆராயப்படுகிறது. பின்னதில் சிறையின் நோக்கமே மாறுகிறது. நெடுங்காலக் கைதியின் தண்டனையை மீளாய்வு செய்தல், திருந்தியவரை முன்னதாகவே விடுவித்தல் என இக்கால நீதிமுறை பேசுவன இவ்விரண்டும்தாம். இவை இலங்கையின் மலைநாட்டுத் தோட்டத் தமிழரை எவ்வளவு தூரம் எட்டின என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வரலாறு.

தோட்டத் தொழிலாளிக்குச் சிறை புதிதன்று. 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தக்க காரணமின்றி வேலையை விட்டு நீங்குவதையே குற்றமாக்கியது. அதற்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்கலாம். களவோ கொலையோ செய்யாதவரும், துரையிடம் சொல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேறிய அளவிலேயே குற்றவாளி ஆயினர். சேர். பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் இக்கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 1920-களின் தொடக்கத்தில்தான் துண்டு முறையும் இச்சிறைத் தண்டனையும் ஒழிந்தன. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் என்பது மலைநாட்டில் தண்டிக்கும் கையாக மட்டுமே அறியப்பட்டது. தண்டித்த பின் மறுபடி எண்ணிப் பார்க்கும் கையாக அது அறியப்படவில்லை.

இதன் கடுமை முழுவதும் வெளிப்பட்ட இடம் புசல்லாவைக்கு அருகிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டம். தொழிற்சங்கங்கள் மலைநாட்டில் வேரூன்றத் தொடங்கிய காலம் அது. சங்கம் சேர்தலும், அதனால் வேலை இழத்தலும், துரைக்கும் தொழிலாளர்க்கும் இடையே மனக்கசப்பை வளர்த்து வந்தன. 1941 மே மாதத்தில் அத்தோட்டத்தின் துரை சி. ஏ. ஜி. போப் கொலையுண்டார். விசாரணை முடிவில் வீராசாமி, வேலாயுதம் என்னும் தொழிலாளர் இருவர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. உயிர்ப்பிச்சை அளிக்கும் அதிகாரம் அப்போது தேசாதிபதியிடம் இருந்தது. அவ்வதிகாரம் அவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. 1942-இல் கண்டிப் போகம்பரைச் சிறையில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

ஓர் உயிரைப் பறித்தது பெருங்குற்றமே. அதனை நியாயப்படுத்த எவரும் முன்வர வேண்டுவதில்லை. ஆயினும், அக்குற்றம் எத்தகைய சூழலில் விளைந்தது, அவ்விருவரும் காலப்போக்கில் எத்தகைய மனிதராக மாறியிருப்பர் என்னும் வினாக்களை எழுப்பத் தூக்குமேடை இடம் வைக்கவில்லை. மீளாய்வு செய்வதற்கு ஒருவர் உயிரோடிருத்தல் வேண்டும் அன்றோ?

சிறையிலுள்ளவர் தம் நடத்தையாலேயே விடுதலையை ஈட்டலாம் என்னும் கருத்து உலகுக்கு அப்போது புதிதன்று. அலெக்சாண்டர் மக்கோனொக்கி என்பார் 1840 முதல் 1844 வரை ஆஸ்திரேலியாவுக்கு அப்பாலுள்ள நோர்போக் தீவின் தண்டனைக் குடியிருப்பை நடத்தினார். உழைப்புக்கும் நன்னடத்தைக்கும் புள்ளிகள் வழங்கி, அவற்றின் கணக்கால் விடுதலையை நெருங்கச் செய்யும் முறையை அவர் அங்கே வகுத்தார். இலங்கையிலும் அக்கருத்து கிளைவிட்டது. 1951-இல் கண்டிக்கு அருகே பல்லேகலையில் திறந்தவெளிச் சிறைமுகாம் ஒன்று தொடங்கப்பட்டது. நன்னடத்தையால் தெரிந்தெடுக்கப்பட்ட கைதிகள் உயர்ந்த மதிலின்றி, நம்பிக்கையையே காவலாகக் கொண்டு அங்கே வேலை செய்தனர். வீட்டு விடுமுறை, வெளிவேலைக்கு அனுப்புதல், அனுமதிப்பத்திரத்தின்பேரில் விடுவித்தல் ஆகிய முறைகள் பின்னர் வந்தன. 1876-இல் எழுந்த போகம்பரைச் சிறைக்கும் பல்லேகலைக்கும் இடையே உள்ளது சில மைல் தொலைவே. 1942-இல் ஆயுட்சிறையாக மாற்றப்பட்ட ஒருவர், முகாம் தொடங்கியபோது ஒன்பது ஆண்டுகளே சிறையில் கழித்திருப்பார்.

மரணதண்டனை பற்றிய நாட்டின் எண்ணமும் பின்னர் அசைந்தது. 1956-இல் பதவியேற்ற எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்தது. 1958-இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆஸ்திரேலியச் சட்ட அறிஞர் நோர்வல் மொறிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, நிறுத்தம் தொடரலாம் என 1959-இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் பிரதமரே சுட்டுக் கொல்லப்பட்டார். சினமும் துயரமும் சூழ்ந்த வேளையில் தூக்குமேடை திரும்பி வந்தது. 1976-க்குப் பின்னர் அங்கே எவரும் தூக்கிலிடப்படவில்லை. தீர்ப்புகளில் மரணதண்டனை இன்றும் இடம்பெறுகிறது. அது ஆயுட்சிறையாக மாற்றப்படுவதே வழக்கமாயிற்று. எனவே மீளாய்வு என்பது விரல்விட்டு எண்ணத்தக்கவர்க்குரிய சலுகையாக இல்லாமல், பெருந்தொகையான கைதிகளின் வாழ்வையே தீர்மானிப்பதாயிற்று.

அதற்கு ஒரு நெறியும் வகுக்கப்பட்டுள்ளது. 1978 அரசியலமைப்பின் 34-ஆம் உறுப்புரையின்படி, மரணதண்டனை பெற்றவரைப் பற்றி விசாரணை நீதிபதியின் அறிக்கையைச் சனாதிபதி பெறுதல் வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்கும், பின்னர் நீதி அமைச்சரின் பரிந்துரைக்கும் செல்லுதல் வேண்டும். நெறி இருந்தும் அது எப்போதும் மதிக்கப்படவில்லை. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எண்மர் கொல்லப்பட்ட வழக்கில் 2015-இல் மரணதண்டனை பெற்ற படைவீரர், 2020 மார்ச்சில் சனாதிபதியின் மன்னிப்பால் வெளிவந்தார். கொலைக்குற்றம் உறுதியான முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்க்கு 2021-இல் வழங்கப்பட்ட மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாதென்றது. மன்னிப்பு ஆட்சியாளரின் விருப்பப் பொருளாகும்போது, செல்வாக்குடையவர் முன்வாயிலால் வெளியேறுவர். மனு எழுதவும் ஆளற்றவர் உள்ளேயே மூப்படைவர். பாண்டியன் வார்த்திகனை விடுவித்தது தயவால் மட்டுமன்று. முதலில் அவன் காரணத்தை ஆராய்ந்தான் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

மலைநாட்டுக் கைதிக்கு இன்னுமொரு தடையுண்டு. விடுதலையை ஆராய்வோர் கேட்கும் இயல்பான வினா, வெளியே சென்றால் தங்க வீடும் செய்யத் தொழிலும் உளவா என்பது. ஊரில் காணியும் உறவும் உள்ளவர் இதற்கு எளிதில் விடை சொல்வர். தோட்டத் தொழிலாளிக்கு லயன் அறை என்பது வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் அறையும் போகும். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச் நிலத்தில் தனிவீடுகள் எழுந்துள்ளன எனினும், அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் பல குடும்பங்கள் இன்னும் லயன்களிலேயே வாழ்கின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்புபவர்க்கு அக்கதவு திறந்திருக்கும் என்பதற்கு என்ன உறுதி? திருந்திவிட்டார் என்று அறிக்கை எழுதப்பட்டும், திரும்ப இடமில்லை என்பதே அவர்க்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது.

போகம்பரைச் சிறை 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கைதிகள் பல்லேகலையில் எழுந்த புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். கட்டடம் மாறுவது எளிது. நெறி நிலைப்பதே அரிது. குறித்த காலம் கழிந்ததும் ஒவ்வொரு நெடுங்காலக் கைதியின் தண்டனையும், அவர் கேட்டாலும் கேளாவிடினும், தானாகவே ஆராயப்படுதல் வேண்டும். முடிவுக்குரிய காரணம் அவருக்குப் புரியும் மொழியில், தமிழராயின் தமிழிலேயே, எழுதித் தரப்படுதல் வேண்டும். வெளிவருபவர்க்குத் தங்குமிடமும் தொழிலும் முன்னரே ஏற்பாடாதல் வேண்டும். இவை நடைபெறும் நாளில்தான் சிறைவீடு என்னும் சொல் மலைநாட்டிலும் பொருளுடையதாகும்.