கரண்டு பொட்டிக்குள்ள தண்ணி: ஒரு சின்ன வரலாறு

"ஏண்டா, கரண்டு பொட்டிக்குள்ள யாராச்சும் தண்ணிய விடுவாய்ங்களா?"

என் திட்டத்தைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். "எல்லாரும் பண்றாய்ங்கம்மா" என்று நான் சொன்ன பதில் எனக்கே எடுபடவில்லை.

விஷயம் இதுதான் நண்பர்களே. என் கம்ப்யூட்டர் இருப்பது மொட்டைமாடி அறையில். மதுரை வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன மே மாதம் மதியம் மூணு மணிக்கு அறைக்குள் தெர்மாமீட்டர் 39 டிகிரி காட்டியது. அந்த நேரத்தில் கடைசி வருட ப்ராஜெக்டுக்காக கிராபிக்ஸ் கார்டை முழு மூச்சில் ஓடவிட்டால், அரை மணி நேரத்தில் மெஷின் பட்டென்று அணைந்துவிடும். அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலை நடக்கும். பக்கத்துத் தெருப் பசங்களுக்கு ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. அதைப் போட்டு வாட்டர் கூலிங் செய்யலாமா? இல்லை, இந்த ஊர் சூட்டில் தண்ணியே கொதித்துப்போய் காசுக்குக் கேடா? இதைத் தெரிந்துகொள்ளப் போய்த்தான் பழைய கதைகளுக்குள் விழுந்தேன்.

முதல் ஆச்சரியம், இது கேம் ஆடும் பசங்க கண்டுபிடித்த வித்தை இல்லை. 1960களிலேயே ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 91 மெஷினில் தண்ணியை ஓடவிட்டிருக்கிறது. அதில் தண்ணி நேராக சிப்பைத் தொடவில்லை. சூடான காற்றை வழியிலேயே தண்ணிக் குழாய்கள் பிடித்துக் குளிர வைத்தன, அவ்வளவுதான்.

அசல் வேலை 1980ல் அறிவித்த ஐபிஎம் 3081ல் நடந்தது. உள்ளங்கை அளவு செராமிக் தட்டு ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்கள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் ஸ்பிரிங் வைத்து அழுத்தும் ஒரு குட்டி அலுமினிய பிஸ்டன். இடைவெளியில் சூட்டை நன்றாகக் கடத்தும் ஹீலியம் வாயு. பிஸ்டன்களுக்கு மேலே தண்ணி ஓடும் தட்டு. இப்படி ஒரு பெட்டியிலிருந்து சுமார் 300 வாட் சூட்டை வெளியே எடுத்தார்கள். இன்றைக்கு ஒரே ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு (ஆர்டிஎக்ஸ் 4090, 2022) 450 வாட் சாப்பிடுகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அந்தக் காலத்து பைபோலார் சிப்கள் மூடாத குழாய் மாதிரி. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கரண்டு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து வந்த சிமாஸ் சிப்கள், குடம் வைக்கும்போது மட்டும் திறக்கும் குழாய். அதனால் 1994ல் ஐபிஎம் தன் பெரிய மெஷின்களைச் சிமாசுக்கு மாற்ற ஆரம்பித்தபோது, தண்ணிக்கு வேலை போய்விட்டது. வெறும் காற்றே போதும் என்றானது.

நம் நாட்டுக் கதையிலும் குளிர்விப்பு உண்டு. டெல்லியில் வானிலை கணிப்புக்காக 1989ல் இயங்க ஆரம்பித்த க்ரே எக்ஸ்-எம்பி சூப்பர் கம்ப்யூட்டரைக் குளிர வைத்தது ஃப்ரியான், அதாவது அந்தக் கால ஃபிரிட்ஜுக்குள் ஓடிய அதே சமாச்சாரம். நாம் கேட்ட பெரிய மெஷினை அமெரிக்கா தர மறுத்ததும், 1988ல் சி-டாக் தொடங்கியதும், 1991ல் பரம் 8000 வந்ததும் எல்லோரும் படித்த கதை. விட்டுவிடுவோம்.

இனி வீட்டுக் கம்ப்யூட்டர். போன தண்ணி திரும்பி வந்ததும் சூட்டால்தான். 2004ல் வந்த பென்டியம் 4 'ப்ரெஸ்காட்' 100 வாட்டைத் தாண்டியது. அதற்கு அடுத்து வரவிருந்த 'டெஜாஸ்' சிப்பை இன்டெல் அதே வருடம் கைவிட்டு, வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் கோர்களைக் கூட்டும் பாதைக்குப் போனது. அதற்கும் முன்னாலிருந்தே வெளிநாட்டு ஆர்வலர்கள் மீன் தொட்டி பம்பையும் பழைய காரின் ஹீட்டர் ரேடியேட்டரையும் ரப்பர் குழாயால் கோத்து, வீட்டிலேயே வாட்டர் கூலிங் செய்துகொண்டிருந்தார்கள். காருக்குள் குளிருக்கு இதமாகச் சூடு தரும் சாமான் அது. மதுரையில் கார் ஹீட்டரை யார் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்!

ஆப்பிளும் 2004ல் பவர் மேக் ஜி5ன் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலில் திரவக் குளிர்விப்பை வைத்தே விற்றது. சில வருடங்களில் பல மெஷின்களில் கசிவு. அம்மா பயந்தது அப்படியே நடந்திருக்கிறது. கடையில் வாங்கி அப்படியே மாட்டும் சீல் வைத்த செட்டுகள் 2009ல் கோர்சேர் எச்50க்குப் பிறகுதான் பரவலாயின.

சரி, என் கேள்விக்குப் பதில் எங்கே? அது ஜெர்மனியில் கிடைத்தது. மியூனிக் பக்கத்தில் கார்ச்சிங் என்ற ஊரில் 2012ல் சூப்பர்மக் என்ற மெஷின் வந்தது. அதைக் குளிர வைக்க விட்ட தண்ணியின் சூடு 40 டிகிரிக்கும் மேல்! முதலில் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன். யோசித்தால் புரிகிறது. சிப் 80 டிகிரியிலும் வேலை செய்யும். அதற்கு 45 டிகிரி தண்ணி குளிர்ந்த தண்ணிதான். வெளியே வரும் சூட்டை வைத்து அந்தக் கட்டடத்துக்கே குளிர்காலத்தில் கதகதப்பு கொடுத்தார்கள்.

ஜெர்மனி வேண்டாம், திருச்சிக்கே வாருங்கள். 2022 மே மாதம் திருச்சி என்ஐடியில் 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கப்பட்டது. 838 டெராஃப்ளாப்ஸ், 19 கோடி ரூபாய். சிப்பின் தலையில் உட்காரும் தட்டுக்குள் திரவத்தை ஓடவிட்டு நேரடியாகச் சூட்டை எடுக்கும் முறைதான் அதிலும். திருச்சி வெயில் என்ன நம் வெயிலுக்குச் சளைத்ததா?

இதில் நான் தப்பாக நினைத்திருந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணி குளிர வைக்கும் என்று நினைத்திருந்தேன். மண்பானையில் அப்படித்தான், பானை கசிந்து காற்றில் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மூடிய குழாய்க்குள் ஆவியாக வழி இல்லை. அந்தத் தண்ணி வெறும் சுமைகூலி. அறை 39 டிகிரி என்றால் அதற்குக் கீழே ஒரு பொட்டும் இறங்காது. ஆனால் சுமப்பதில் கெட்டி. ஒரே கன அளவில் காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கு மேல் சூடு தாங்கும். என் மெஷின் 350 வாட் என்று வைத்தால், நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே தண்ணி ஒரு சுற்றில் 5 டிகிரிதான் ஏறும். (ஐஸ் போடலாமே என்றான் ஒரு நண்பன். குழாய்க்கு வெளியே சொம்பு வியர்ப்பது மாதிரி வியர்த்து மதர்போர்டில் சொட்டும். அவனைத் திட்டத்திலிருந்து நீக்கியாயிற்று.)

சுமந்து போவதுதான் வேலை என்றால், சூட்டைக் கேபினெட்டுக்கு வெளியே, ஆனால் அதே அறைக்குள்ளேயே கொட்டி என்ன பிரயோஜனம்? ஃபேன் வைத்தாலும் அதே கதைதான், அறை இன்னும் வேகும். அதனால் ரேடியேட்டரை வடக்கு ஜன்னலுக்கு வெளியே, நிழல் சுவரில் மாட்டப் போகிறேன். சீல் வைத்த செட்டில் குழாய் அவ்வளவு நீளம் வராது, தனித்தனியாக வாங்கித்தான் கோக்க வேண்டும். மெக்கானிக் கடையில் பழைய கார் ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் இப்போது வருவதெல்லாம் அலுமினியம். சிப் மேல் உட்காரும் தட்டு செம்பு. ரெண்டும் ஒரே தண்ணியில் இருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். எனவே செம்பு ரேடியேட்டர், காசு கொஞ்சம் கூட. எங்கள் போர் தண்ணியை ஊற்றினால் டீ கெட்டில் மாதிரி உள்ளே உப்புப் படியும், அதனால் டிஸ்டில்டு வாட்டர். பம்ப் தாங்குவது 60 டிகிரி வரை என்று போட்டிருக்கிறது, எனவே அதற்கும் ஒரு சென்சார்.

கோத்து முடித்ததும் பம்புக்கு மட்டும் கரண்டு கொடுத்து, மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ பேப்பர் சுற்றி, 24 மணி நேரம் சும்மா ஓடவிடுவேன். பேப்பர் காய்ந்தே இருந்தால்தான் மற்றதற்கெல்லாம் கரண்டு. இதைக் கேட்ட பிறகுதான் அம்மா முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்புறம் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அந்தச் சூட்டுக் காத்து இப்பிடித்தான வரும்? அப்ப மழைக்காலத்துல இங்கிட்டு ஒரு கொடி கட்டித் துணி காயப் போடலாமா?"