கேள்வியிற் பிறந்த சொற்கள்

ஆங்கிலம் பயிலும் இளைஞர் 'அறகன்ற்' என்பதைச் செருக்குடையவன் எனவும், 'பிறிறொகற்றிவ்' என்பதைத் தனியுரிமை எனவும், 'இன்ரெறொகேற்' என்பதை விசாரித்தல் எனவும் மனனஞ் செய்வர். இம்மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 'கேட்டல்' எனப் பொருள்படும் 'றொகாரே' என்னும் இலத்தீன் வினையே இவற்றின் தாய். நம் தமிழிலோ கேட்டல் என்றால் வினவுதலும் ஆகும், செவிமடுத்தலும் ஆகும். உரோமர் சொல்லில் அந்த இரண்டாவது பொருள் இல்லை.

குடியரசுக் கால உரோமாபுரியிலே சட்டம் ஒரு கேள்வியாகவே பிறந்தது. அதிகாரி மக்களைக் கூட்டி, இச்சட்டத்தை விரும்புகின்றீர்களா எனக் கேட்பார். ஆதலின் மசோதாவுக்கே 'றொகாற்றியோ', அதாவது கேள்வி, என்று பெயர். மக்கள் அதனைத் திருத்த இயலாது. ஏற்கலாம், அன்றேல் மறுக்கலாம். முற்காலத்தில் விடை வாய்மொழியாகவே இருந்தது. செல்வர் பார்த்து நிற்க எளியவன் எவ்வாறு மறுப்பான்? கி. மு. 139 இல் தேர்தலுக்கும், 131 இல் சட்டமியற்றலுக்கும் இரகசிய வாக்கு வந்தது. 'கேட்டபடி ஆகுக' என்பதற்கு ஓரெழுத்து. 'பழையபடி இருக்க' என்பதற்கு வேறோரெழுத்து. ஒருவர் அவ்வெழுத்துப் பொறித்த சிறு பலகையைப் பெட்டியிலே இடுங் காட்சியை, கி. மு. 63 அளவில் வெளிவந்த வெள்ளி நாணயமொன்றில் இன்றுங் காணலாம்.

எனினும் எல்லோரும் ஒருங்கே கேட்கப்பட்டாரல்லர். கொன்சல் தேர்தலில் 193 குழுக்கள் இருந்தன. செல்வர் குழுக்கள் முன்னே வாக்களிக்கும். சொத்தற்றவர் அனைவருக்கும் ஈற்றிலே ஒரே குழு. செல்வர் குழுக்களுள் ஒன்று திருவுளச்சீட்டினால் தெரியப்பட்டு யாவர்க்கும் முதலில் வாக்களிக்கும். 'முதலிற் கேட்கப்பட்டது' என்பதே அதன் பெயரின் பொருள். அதன் முடிவை மற்றையோர் நன்னிமித்தமாகக் கொண்டனர். பெரும்பான்மை கிட்டியதும் வாக்கெடுப்பு நின்றுவிடும். கடைக்குழுவை அநேகமாக ஒருவருங் கேளார். 'பிறிறொகற்றிவ்' தனியுரிமையானது இவ்வாறுதான்.

'அறகன்ற்' கதை இன்னுஞ் சுவையானது. தந்தையின் ஆட்சிக்கு உட்படாத ஒருவனைச் சுவீகாரம் எடுப்பதற்கும் மக்களைக் கேட்கவேண்டும். அதற்கு வழங்கிய வினையே, தனக்கு உரியதல்லாததை உரிமை கொண்டாடுதல் என்ற பொருளுக்கும் ஆயிற்று. கி. மு. 59 இல் உயர்குடிப் பிறந்த குளோடியஸ், பொதுக்குடியினர்க்கே உரிய திரிபியூன் பதவியை அவாவி, தன்னிலும் இளைய ஒருவனுக்கு மகனானான்! கொன்சலாயிருந்த யூலியஸ் சீசர் அதனை நடத்திவைத்தார். அக்காலத்தில் இச்சடங்கிலே மக்களுக்குப் பதிலாக முப்பது ஏவலர் நிற்பதே வழக்கம். மறு ஆண்டு குளோடியஸ் பதவியேற்றிருக்க, அவன் பகைவரான சிசரோ நாட்டை விட்டேக நேர்ந்தது.

கி. பி. 14 இல் திபேரியஸ் மன்னர் தேர்தலை மக்களிடமிருந்து மூதவைக்கு மாற்றினார். மக்கள் சிறிது முணுமுணுத்ததோடு அமைந்தனர் என்று வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதியுள்ளார்.