பார்க் தெருவில் ஒலித்த குரல்

இசை வரலாறு எழுதுவோர் கோயிலையும் அரசவையையும் சபாக்களையும் குறிப்பர். உணவு விடுதியின் சிறு மேடையைக் குறிப்பதில்லை. அத்தகைய மேடையொன்றில் உருவான வரலாற்றைக் கல்கத்தாத் தமிழர் சிலர் நேரிற் காணும் பேறு பெற்றோம். அதனை இம்மலரில் பதிந்து வைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

பம்பாயில் வாழ்ந்த தமிழ்க் குடும்பமொன்றில் 1947-இல் பிறந்தவர் உஷா. தந்தையார் காவல்துறை அதிகாரி. முறையாக இசை பயின்றவரல்லர். குரல் கனத்தது என்று பள்ளியின் இசை வகுப்பினின்றும் விலக்கப்பட்டவர். அந்தக் கனத்த குரலே பின்னாளில் அவருக்கு முகவரியாயிற்று. 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்னும் விடுதியில் பாடத் தொடங்கினார். பின்னர், பார்க் தெருவிலுள்ள 'டிரிங்காஸ்' அவரைக் கல்கத்தாவுக்கு ஈர்த்தது.

அந்நாளில் அத்தெருவின் விடுதிகளில் ஜாஸும் ராக்கும் பாப்பும் இரவுதோறும் முழங்கின. நாங்களோ லேக் மார்க்கெட் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருந்த எழுத்தர்கள். 'உஷா ஐயர்' என்ற பெயரே எங்களை உள்ளே இழுத்தது. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசுக்கு ஒரு கோப்பை காப்பி. அதனை ஆறவிட்டு ஆறவிட்டுப் பருகியவாறே கேட்டிருந்தோம்.

மேடையில் நாங்கள் கண்ட காட்சி எங்கள் வீட்டுக் கூடத்துக்குரியது: பட்டுச் சேலை, பூச்சரம், நெற்றிப் பொட்டு, கைநிறைய வளையல். காதில் விழுந்ததோ 'ஜம்பலாயா' போன்ற மேனாட்டுப் பாடல். கிதாரும் முரசும் அதிர, தாளம் கால் வழியே ஏறிற்று. இரண்டும் ஒருவரிடத்தே இயல்பாய்ப் பொருந்தக் கண்டு வியந்தோம். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள், இது நம் குலப்பெண் செய்யும் செயலா என்று முகஞ்சுளித்ததும் உண்டு.

அந்த ஐயம் பெரியவர்களோடு நிற்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மேற்கு வங்க அமைச்சர் ஒருவர் இவ்விசையைச் சீர்கெட்ட பண்பாடு எனச் சாடினார். அரசு அரங்குகள் அவருக்கு மூடப்பட்டன. உஷா உயர்நீதிமன்றத்தை நாடி வென்றார். அன்று நாங்கள் மகிழ்ந்தது ஒரு பாடகியின் வெற்றிக்காக மட்டுமன்று. எது நம் பண்பாடு என்பதை அதிகாரத்தில் இருப்போர் மட்டுமே வரையறுக்க இயலாது என்பது நிலைபெற்றதற்காகவும் மகிழ்ந்தோம்.

மணம் புரிந்து உஷா உதுப் ஆனார். 1971-இல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' இந்திப் படத்திலும், 1990-இல் இளையராஜா இசையமைத்த 'அஞ்சலி'யிலும் அவர் குரல் ஒலித்தது. 2011-இல் பத்மஸ்ரீயும் 2024-இல் பத்மபூஷணும் அவரை அடைந்தன.

அவர் இடும் பொட்டில் வங்க எழுத்தாகிய 'க' இருக்கும். அது கல்கத்தாவைக் குறிப்பது. பிறந்த மரபைச் சேலையிலும், வாழவைத்த ஊரை நெற்றியிலும் தாங்கியவர் அவர். வந்த ஊரின் மொழியும் இசையும் நம் மக்களை நம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழந்தே தீரவேண்டும் என்பதில்லை.